ரோட்டரி எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது: திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் இலங்கையில் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் பலர். அவர்களில், ரோட்டரி எஞ்சின் பொருத்திய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களும், அரிதாக ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எஞ்சினைத் திரும்பக் கட்டுவது தனிப் பாடம். இங்கே பேசுவது அதற்கு முந்திய கட்டத்தை மட்டும்: பிரிப்பது, பார்ப்பது, அளப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பது.

சாதாரண எஞ்சின் பிரித்துப் பழகிய பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இதைச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். சிலிண்டர் தலை, வால்வு, கேம்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் எதுவும் இதில் இல்லை. இந்தக் கார்களின் 13பி எஞ்சின் என்பது ஐந்து துண்டுகளின் அடுக்கு: முன் இரும்புத் தட்டு, அலுமினிய ஹவுசிங், நடு இரும்புத் தட்டு, இன்னோர் அலுமினிய ஹவுசிங், பின் இரும்புத் தட்டு. இவற்றை நீண்ட போல்ட்டுகள் ஊடுருவி இறுக்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொரு ஹவுசிங்குக்குள்ளும் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று சுழல்கிறது. ரோட்டர் ஒருமுறை சுற்றினால் நடுவிலுள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும். ஓர் அறையின் கொள்ளளவு 654 சிசி, இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து 1308.

கழற்றுவது எளிது என்பதே இதிலுள்ள ஆபத்து. டீசல் லொறி எஞ்சினையும் படகு மோட்டாரையும் பிரித்துப் பழகிய கை ஒரு பகலுக்குள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிடும். எந்தச் சீல் எந்த மூலையில் இருந்தது என்று மாலையில் கேட்டால் பதில் இருக்காது.

பிரிக்கத்தான் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்ரஷன் (அறைக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்துத்தான். ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே மூன்று அறைகள் உண்டு. சாதாரண கேஜ் அவற்றில் எது உயர்ந்ததோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு அறை நன்றாக இருந்து ஒன்று செத்திருந்தாலும் கேஜ் நல்ல எண்ணையே காட்டும். ரோட்டரிக்கென்று உள்ள கருவி கிடைத்தால் மூன்று அறைகளையும் தனித்தனியே பார்க்கலாம். கிடைக்காவிட்டால் கேஜின் காற்று விடும் வால்வை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, முள் துள்ளுவதைப் பாருங்கள். சமமான மூன்று துள்ளல் வர வேண்டும். இரண்டு உயரமும் ஒன்று குட்டையும் என்றால் அந்த அறையின் சீல் போய்விட்டது.

ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா தரும் கீழ் எல்லை, நிமிடத்துக்கு 250 சுற்றில், 680 கிலோபாஸ்கல். ஒரே ரோட்டரின் அறைகளுக்கிடையே 150க்கு மேலும், இரு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடாது. எஞ்சின் சூடாக, பற்றரி முழுச் சார்ஜில் இருக்கும்போது பாருங்கள். சோர்ந்த பற்றரியும் தேய்ந்த ஸ்டார்ட்டரும் சுற்றும் வேகத்தைக் குறைத்து, நல்ல எஞ்சினையும் கெட்டதாகக் காட்டும். எஞ்சினைக் குற்றம் சொல்லும் முன் அவை இரண்டையும் பாருங்கள்.

இன்னோர் அடையாளம் தண்ணீர். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இனிப்பு வாசத்துடன் வெள்ளைப் புகை, ஒழுக்கு எதுவும் தெரியாமலே குறையும் கூலன்ட், எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றர் வாயில் இடைவிடாத குமிழி. இவை சேர்ந்து வந்தால் கம்ப்ரஷன் எண் எப்படி இருந்தாலும் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஓவர்ஹோல் கிட்டை முதலில் வரவழைத்துவிட்டுப் பிரிக்கலாமா?

வேண்டாம். கிட் என்று விற்கப்படுவது சீல்களும் ஸ்பிரிங்குகளும் ஓ-ரிங்குகளும். பெரிய செலவு அங்கே இல்லை. ஹவுசிங்குகளிலும் இரும்புத் தட்டுகளிலும் ரோட்டர்களிலும் இருக்கிறது. ஒரு ஹவுசிங்கின் குரோம் உரிந்திருந்தால் நீங்கள் வாங்கி வைத்த விலையுயர்ந்த சீல் அதன் மேல் உராய்ந்து சில மாதங்களில் பாழாகும். முதலில் திறந்து அளந்து, பட்டியல் எழுதி, அதன் பிறகு பணத்தை எடுங்கள்.

திருகோணமலையில் எவ்வளவு செய்யலாம், எதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்?

பிரிப்பதும் அளப்பதும் முழுக்க இங்கேயே முடியும். மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டயல் கேஜ், கோணாத நேர்விளிம்பு ஒன்று போதும். நல்ல லேத் பட்டறையில் இவை இருக்கும். இரும்புத் தட்டுகளை மட்டமாக்கும் லாப்பிங் வேலைக்கு, ரோட்டரி தட்டை முன்பே செய்து பழகிய பட்டறையைத் தேடிப் போங்கள். சாதாரண சிலிண்டர் தலையைச் சீவுவதுபோல் சீவித் தந்துவிட்டால் தட்டு குப்பைக்குத்தான். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாகம் தேடுகிறவர்கள் தங்கள் அளவுப் பட்டியலையும் மைக்ரோமீட்டரையும் கையோடு கொண்டுபோவது நல்லது. கடைக்காரர் ‘நல்ல சாமான்’ என்று சொல்வது அளவு ஆகாது.

ஃபிளைவீல் நட்டு அசையவே இல்லை. என்ன செய்வது?

அது 54 மில்லிமீட்டர் நட்டு. பூட்டும் பசை போட்டு 392 முதல் 490 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கியிருக்கிறார்கள், எளிதில் அசையாது. கண்டி வீதியோரம் லொறி ரயர் வேலை செய்யும் கடைகளில் பெரிய சாக்கெட்டும் காற்றுத் துப்பாக்கியும் இருக்கும். இல்லாவிட்டால் நட்டைச் சூடாக்கி, நீண்ட குழாய் மாட்டித் திருப்புங்கள். ஃபிளைவீலைப் பற்களில் பூட்டிப் பிடிக்கும் இரும்பு ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தப் பூட்டு இருக்கும்போதே முன்முனைப் போல்ட்டையும் தளர்த்திவிடுங்கள், பிறகு ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள வழி இருக்காது. நட்டு கழன்ற பின்னும் ஃபிளைவீல் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் இறுகி நிற்கும். புல்லர் போடுங்கள். ஓட்டோமெட்டிக் வண்டியில் ஃபிளைவீலுக்குப் பதிலாக எதிரெடை இருக்கும், வேலை அதேதான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபிளைவீலில் டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ்-7இல் 0.04 முதல் 0.07 மில்லிமீட்டர் சரி, 0.09 எல்லை. முன்முனையில் இருக்கும் இடைவளையத்தின் தடிப்புதான் இதைத் தீர்மானிக்கிறது. பிரித்துவிட்டால் இந்த எண் திரும்பக் கிடைக்காது.

எந்த ஒழுங்கில் பிரிப்பது?

வெளிப்பாகங்கள், ஒயில் தொட்டி, முன் மூடி, ஒயில் பம்பும் அதன் சங்கிலியும் முதலில். முன்முனையில் பற்சக்கரம், எதிரெடை, ஊசி பேரிங், வளையங்கள் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அதைக் கழற்றும்போதே படம் எடுத்து, அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். பிறகு எஞ்சினை முன்முகம் கீழே வரும்படி நிறுத்தி, நீண்ட போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். எல்லாப் போல்ட்டும் ஒரே மாதிரி இல்லை என்பதால், அட்டையில் எஞ்சின் வடிவை வரைந்து துளையிட்டு, அதது அதன் இடத்தில் குத்தி வைப்பது நல்லது.

பின் தட்டைத் தூக்கும் கணம்தான் கவனம் வேண்டிய இடம். சைட் சீலும் ஒயில் சீலும் பழைய ஒயிலில் ஒட்டிக்கொண்டு தட்டோடு மேலே வரும், பாதி வழியில் விழும். ஒருவர் தூக்க, இன்னொருவர் கீழிருந்து பார்த்துக் கையால் அமர்த்த வேண்டும். ரோட்டரை எடுக்கும்போதும் அடிப்பக்கத்துச் சீல்கள் விழக்கூடும், ஆகவே பழைய சாரத்தையோ ரப்பர் விரிப்பையோ கீழே போடுங்கள். நடுத் தட்டை எடுக்க ஷாஃப்ட்டைச் சற்று உயர்த்தித்தான் ஆக வேண்டும், மூன்றாவது ஆள் இருந்தால் நல்லது.

ஒரு ரோட்டரில் 3 ஏபெக்ஸ் சீல் (முக்கோணத்தின் முனைகளில்), 6 கோர்னர் சீல் (ஏபெக்ஸ் சீலும் சைட் சீலும் சந்திக்கும் மூலைகளில்), 6 சைட் சீல் (தட்டையான பக்கங்களில்), 4 ஒயில் சீல். இரண்டு ரோட்டருக்கும் முட்டை அட்டை இரண்டு வாங்கி, ‘முன்’, ‘பின்’ என்று எழுதி, மூலைக்கு மூலை எண் போடுங்கள். சீலில் உளியால் அடையாளம் வெட்டக் கூடாது, மை போதும்.

கழற்றிய உடனே கழுவிவிடலாமா?

கூடாது. கழுவிய எஞ்சின் எதுவும் சொல்லாது. ஓர் இரவு பொறுத்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு முகத்தையும் படம் எடுங்கள். ரோட்டரின் ஒரு முகம் மட்டும் நீராவியில் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால் அங்கே கூலன்ட் வந்திருக்கிறது. ஒயில் ஈரமான கரி படிந்திருந்தால் ஒயில் சீலைச் சந்தேகியுங்கள். ஹவுசிங்கில் துருக்கோடு ஒன்று குறுக்கே கிடந்தால், நீண்ட நாள் ஓடாமல் நின்றபோது ஏபெக்ஸ் சீல் எங்கே நின்றதோ அங்கே ஈரம் தங்கியிருக்கிறது. ஒயில் தொட்டியின் அடியில் காந்தத்தை ஓட்டுங்கள், காந்தத்தில் ஒட்டாமல் செம்புநிறத்தில் மின்னும் தூள் பேரிங்கிலிருந்து வந்தது.

சீல்களில் எதை அளப்பது?

எப்படியும் புதிதாகப் போடப் போகிறோம், எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சீலின் தேய்மானம் ஹவுசிங்கின் நிலையைச் சொல்லும், அதற்காகத்தான். ஆர்எக்ஸ்-7இன் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் ஏபெக்ஸ் சீலின் தடிப்பு 2 மில்லிமீட்டர். புதியதின் உயரம் 8.0, எல்லை 6.5. நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், அல்லது ஓர் ஓரம் சரிந்திருந்தால், ஹவுசிங்கில் அதற்கு நேரான இடத்தை விரலால் தடவுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆர்எக்ஸ்-8இன் சீல் புதிதிலேயே உயரம் குறைவானது, இந்த எண்களை அதற்குப் பொருத்தாதீர்கள்.

ரோட்டரின் பள்ளத்துக்கும் சீலுக்கும் இடையே ஃபீலர் கேஜ் 0.15க்கு மேல் போனால் பழைய ரோட்டரில் புதிய சீல் ஆடும். சைட் சீலுக்கும் கோர்னர் சீலுக்கும் இடையே 0.05 முதல் 0.15 நல்லது, 0.40 எல்லை. பள்ளத்திலுள்ள கரியை எடுக்க, உடைந்த பழைய ஏபெக்ஸ் சீல் துண்டே சிறந்த கருவி. அரம் பிடித்தால் பள்ளம் அகலமாகும்.

ஹவுசிங்கில் எதைப் பார்ப்பது?

உள்மேற்பரப்பில் இருப்பது அலுமினியம் அல்ல. அலுமினியத்துக்குள் வார்க்கப்பட்ட எஃகுத் தகட்டின் மேல் குரோம் பூச்சு. 1960களில் மாஸ்டாவின் கென்இச்சி யமமோட்டோவும் அவருடைய குழுவும் பெரும்பாடு பட்டது இந்த மேற்பரப்பில்தான். சீல் அதிர்ந்து வரிவரியாகக் கீறிய தடங்களை ‘பிசாசின் நகக்கீறல்’ என்று அவர்கள் அழைத்தார்கள். அதைத் தீர்த்த பிறகுதான் 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

இன்று நாம் பார்க்க வேண்டியது குரோம் உரிந்த இடங்களை. பெரும்பாலும் ஓரங்களில் சிறு செதில்களாகத் தொடங்கும். விளிம்பை ஒட்டிச் சற்றே உரிந்திருப்பதோடு பலர் எஞ்சினைக் கட்டி ஓட்டுகிறார்கள். சீல் ஓடும் பாதையின் நடுவில் உரிந்திருந்தால் நான் அந்த ஹவுசிங்கைத் திரும்பப் போட மாட்டேன். நகத்தை மெதுவாக இழுங்கள், எங்காவது தட்டுப்பட்டால் எழுதிக்கொள்ளுங்கள். பிளக் துளைகளைச் சுற்றிச் சிறு வெடிப்பு இருக்கிறதா என்று பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். பிறகு உள்மேற்பரப்பை ஒட்டி நான்கு இடங்களில் ஹவுசிங்கின் அகலத்தை அளங்கள். 13பிக்கு அது 80 மில்லிமீட்டர். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே 0.06க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூட்டில் ஹவுசிங் கோணியிருக்கிறது.

இரும்புத் தட்டுகளில்?

நேர்விளிம்பை நான்கு திசையிலும் வைத்து, கீழே ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். கோணல் எல்லை 0.04. சைட் சீல் ஓடிய இடத்தில் படிபோல் பள்ளம் விழுந்திருக்கும், அதன் எல்லை 0.10. மீறினால் லாப்பிங், அல்லது வேறு தட்டு. மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 தட்டுகளின் மேற்பரப்பு நைட்ரைடு முறையில் கடினமாக்கப்பட்டது. அதிகம் சீவினால் அந்தக் கடினத் தோல் போய்விடும், மீண்டும் கடினமாக்கியே பூட்ட வேண்டும்.

கடலோர ஊர் என்பதால் தனியாக எதையாவது பார்க்க வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ரோட்டரி என்றதும் எல்லோரும் ஏபெக்ஸ் சீலைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த ஊரில் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் ஓடும் வழியை.

அலுமினியமும் வார்ப்பிரும்பும் மாறிமாறி அடுக்கப்பட்டு, நடுவில் தண்ணீர் ஓடும் எஞ்சின் இது. இரண்டு வேறு உலோகங்களும் உப்புக் கலந்த நீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. கந்தளாய்ப் பக்கம் தண்ணீர் கடினம். கூலன்ட் குறைந்தால் கிணற்று வாளியைச் சாய்க்கும் பழக்கம் இங்கே ஊறியது. டீசல் எஞ்சின் அதைப் பல ஆண்டு தாங்கும். ரோட்டரியில் தண்ணீர்ச் சீல் உட்காரும் அலுமினிய விளிம்பை அது அரித்துவிடும்.

ஹவுசிங்கின் பக்க முகத்தில், தண்ணீர் ஓட்டைகளுக்கும் எரியறைக்கும் நடுவே உள்ள குறுகிய மட்டமான பாதையைத் துடைத்துப் பாருங்கள். வெண்பொடி பூத்து, குழிகுழியாக இருந்தால் அங்கே எந்தப் புதுச் சீலும் நிற்காது. குழி ஆழமில்லாமல், சீல் அமரும் கோட்டுக்கு வெளியே இருந்தால் தப்பலாம். இரும்புத் தட்டைத் திருப்புங்கள். இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 முதல் தண்ணீர்ச் சீலின் பள்ளம் தட்டில்தான் இருக்கிறது. பள்ளத்துக்கும் எரியறைக்கும் இடையிலான மெல்லிய சுவர், பிளக் இருக்கும் சூடான பக்கத்தில், வெடித்தோ உடைந்தோ இருக்கலாம். துருவைச் சுத்தம் செய்யாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. படமெடுத்து முடித்த பிறகு, இந்த இடத்தை மட்டும் பொறுமையாகச் சுத்தமாக்கிப் பாருங்கள். சுவர் போன தட்டு மாற்ற வேண்டிய தட்டு.

கட்டிய பிறகு கூலன்டும் வடித்த நீரும் மட்டும். பற்றரிக்கு வாங்கும் வடித்த நீர் இங்கே எங்கும் கிடைக்கிறது.

ஷாஃப்ட்டும் பேரிங்கும்?

ஆர்எக்ஸ்-8காரர்கள் இங்கே நிதானமாகப் பாருங்கள். அந்த எஞ்சின்களில் பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிவது வழக்கமாகக் காணும் காட்சி. செம்பு தெரிந்தால் மாற்றுங்கள், வாதமே வேண்டாம். ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் இடையே 0.04 முதல் 0.08 வரை இருக்கலாம், 0.10 எல்லை. ஷாஃப்ட்டின் ஒயில் வழிகளில் காற்றடித்து அடைப்புப் பாருங்கள், ரோட்டரை உள்ளிருந்து குளிர்விப்பது அந்த ஒயில்தான்.

டர்போ ஆர்எக்ஸ்-7இல் சீல் உடைந்துவிட்டது. சீலை மட்டும் மாற்றலாமா?

உடைந்த துண்டு எங்கே போனது என்று முதலில் கேளுங்கள். ரோட்டர் முகத்தில் குத்தி, ஹவுசிங்கைக் கீறி, புகைவாய் வழியே டர்பைனுக்குள் போயிருக்கும். டர்பைன் இறக்கைகளைப் பார்க்காமல் எஞ்சினைக் கட்டாதீர்கள். ரோட்டர் முகத்தில் உள்ள சிறு குழி பரவாயில்லை. சீல் பள்ளத்தின் உதடு நசுங்கியிருந்தால் அந்த ரோட்டர் முடிந்தது. உடைந்ததற்கான காரணம் எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கும்: எரிபொருள் குறைவு, டர்போ அழுத்தம் அதிகம், அல்லது ஒக்டேன் 95 போட வேண்டிய வண்டிக்கு 92.

ஆர்எக்ஸ்-8இல் வேறு என்ன வித்தியாசம்?

புகைவாய் ஹவுசிங்கில் இல்லை, இரும்புத் தட்டுகளில் இருக்கிறது. அதனால் புகைக்குழாயைக் கழற்றி ஏபெக்ஸ் சீலை எட்டிப் பார்க்கும் பழைய தந்திரம் செல்லாது, பிளக் துளை வழியே சிறு கேமரா விட வேண்டும். சைட் சீலைச் சுற்றிக் கரி கட்டி அது பள்ளத்திலேயே இறுகுவதும் இதில் அதிகம். விரலால் அழுத்தினால் சீல் உள்ளே போய்த் தானாக மேலே வர வேண்டும். வராதவற்றின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

காஸ்டிக் தொட்டியில் போட்டால் சீக்கிரம் சுத்தமாகுமே?

அலுமினிய ஹவுசிங் அதில் கரையும். பேரிங் உள்ளே இருக்கும் ரோட்டரையும் போடாதீர்கள். மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் போதும். குரோம் மேல் தூரிகைகூட வேண்டாம்.

மாரியில் பிரிக்கலாமா?

வாடைக்காற்றுக் காலத்தில் துடைத்த வார்ப்பிரும்பு ஒரே இரவில் செந்துருப் பூக்கும். கச்சான் காலத்தில் மணல் பறக்கும். எந்தக் காலமாக இருந்தாலும் கதவு மூடும் அறை, ஒயில் பூசிய தட்டு, பொலித்தீன் உறை. பாகங்கள் வர மாதங்கள் ஆகலாம், அதுவரை வாரமொருமுறை உறையை நீக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் எதற்கு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன?

இரண்டு ரோட்டர்களின் அறைகளுக்கும் உரிய ஆறு கம்ப்ரஷன் எண்களையும் கையில் தந்தால் யோசிக்கலாம். தராவிட்டால் நீங்கள் வாங்குவது இன்னொரு பிரிக்க வேண்டிய எஞ்சின். விலை குறைவாக இருந்தால் பாகங்களுக்காக வாங்குவதில் தவறில்லை, இரண்டிலிருந்து ஒன்று தேறும். 2023இல் எம்எக்ஸ்-30 காரில் மாஸ்டா ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்ததைக் கேள்விப்பட்டு அதன் பாகங்கள் பொருந்துமா என்றும் கேட்கிறார்கள். அது 830 சிசி ஒற்றை ரோட்டர், பொருந்தாது.

யாரோ பிரித்துப் போட்ட எஞ்சினைச் சாக்கில் கட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

சீல்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கணக்கிட வேண்டாம், அவை எந்த இடத்துச் சீல் என்று இனி யாருக்கும் தெரியாது. இரண்டு ஹவுசிங்கையும் வெளியே எடுத்து வெயிலில் வைத்து, குரோமையும் தண்ணீர் விளிம்பையும் பாருங்கள். மூன்று தட்டுகளின் சீல் பள்ளச் சுவரைப் பாருங்கள். அந்த ஐந்து துண்டுகளில் எத்தனை தேறுகிறதோ, அத்தனைக்கு மட்டும் விலை பேசுங்கள்.